காகிதத்துக்குக் கீழே இருந்தவர்கள்

காலை பதினொன்றே கால் மணிக்கு, மத்தாப்புப் பெட்டி ஒன்றுக்கான மூன்றாவது மானை ராசகனி மாடி அறையில் வரைந்து முடித்தபோது, நேர் கீழே பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஞானதுரையின் முதுகில் மூன்று மான்கள் நின்றுகொண்டிருந்தன. அவன் அச்சகத்தில் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு வந்தவன், பகலில் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். சாப்பிட எழுப்ப வந்த அவன் அக்கா பரிபூரணம்தான் முதலில் பார்த்தாள்.

“ஏலே தம்பி, இந்த வயசுல என்னலே பச்சை குத்திக்கிட்டு வந்திருக்க?”

“யாரு, நானா?”

“இல்ல, நான். முதுகுல மூணு மான் நிக்குது. ஒண்ணு வேற திரும்பிப் பாக்குது.”

சத்தம் கேட்டு ராசகனி இறங்கி வந்தாள். மூன்றாவது மானின் பின்னங்காலை அவள் கொஞ்சம் குட்டையாக வரைந்துவிட்டு, லேபிள் அச்சகத்து அண்ணாச்சி கவனிக்க மாட்டார் என்று அப்படியே விட்டிருந்தாள். அந்தக் கால் புருஷன் முதுகிலும் குட்டையாகவே இருந்தது. எச்சிலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், தேங்காயெண்ணெய் வைத்துத் துடைத்துப் பார்த்தாள், பாத்திரம் விளக்குகிற சோப்பைப் போட்டும் பார்த்தாள். மான்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்குப் படம் வரைகிறவர்கள் பிரஷ்ஷை விட்டுவிட்டு டேப் என்கிற தொடுதிரைப் பலகைக்கு மாறிப் பல காலம் ஆகியிருந்தது. ராசகனியும் மாறினாள். ஆனால் கண்ணாடியில் வரைவது, எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் கோலம் போடுவது மாதிரிதான் அவளுக்கு இருந்தது. பேனா நினைத்த இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். லேபிள் அச்சகம் வைத்திருந்த செண்பகராஜ் அண்ணாச்சி அவள் அனுப்பிய புலியைப் பார்த்துவிட்டு, “படம் நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா கோடு எங்கயோ ஓடுது. புலி நிக்கணும்ல” என்றார். அதிலிருந்து அவளுக்கு உறக்கமில்லை. செல்போன் கடையில் விற்கிற சொரசொரப்புத் தாளை வாங்கி ஒட்டினாள். டிரேசிங் பேப்பரை ஒட்டினாள். பேனா முனைக்குத் துணி சுற்றிப் பார்த்தாள். கடைசியில் ஞானதுரை அச்சகத்திலிருந்து கொண்டுவந்த, கல்யாணப் பத்திரிகைக்கு மேல் ஒட்டுகிற மங்கல் பிலிம் உருளையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, நைசான உப்புத்தாளால் ஒரு பகல் முழுக்க அதைத் தேய்த்து, காற்றுக் குமிழ் இல்லாமல் பழைய ஏடிஎம் கார்டால் அழுத்தி டேப்பின்மேல் ஒட்டினாள். பேனாவை வைத்ததும் சர்ரென்று சத்தம் வந்தது. கோடு நின்றது. முனை இழையில் மாட்டி மாட்டிப் போனது. மழை மூட்டமாக இருந்த நாளில் தாள் லேசாக நமத்துப்போவதைக்கூடத் தன் விரலில் உணர்ந்தாள்.

காகிதம் என்றால் எல்லாவற்றிலும் காகிதம்தான். அழுத்தி எழுதினால் அடியில் இருக்கிற தாளில் பதியும். பள்ளிக்கூடத்தில் நோட்டில் எழுதிய எல்லோருக்கும் இது தெரியும். டேப்புக்கு அடியில் மேசை இருந்தது, மேசைக்கு அடியில் தளம் இருந்தது, இரண்டிலும் ஒன்றும் பதியவில்லை. தளத்துக்கு அடியில் ஞானதுரை இருந்தான். தோலில்தான் பதிந்தது.

ஏன் தோலில் மட்டும் என்று யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. ஞானதுரைக்கு வேறு கவலை. ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்கு மாமன் முறைக்குச் சட்டையில்லாமல் மணையில் உட்கார வேண்டும்.

“மூணு மானோட உக்காந்தா மாமன்னு சொல்வாங்களா, மத்தாப்புன்னு சொல்வாங்களா? அழி.”

டேப்பில் பின்னோக்கிப் போகிற பொத்தானை அமுக்கினாள். திரையில் மான் மறைந்தது, முதுகில் மறையவில்லை. காகிதத்துக்கு அந்தப் பொத்தான் தெரியாது, ரப்பர்தான் தெரியும். ஆகவே அவனை அதே பாயில், அதே இடத்தில், அதே மாதிரி படுக்கவைத்துவிட்டு, மாடிக்குப் போய், பேனாவை அழிப்பானாக மாற்றி, முதல் மானின் மேல் தேய்த்தாள். கீழேயிருந்து பரிபூரணம், “போவுது, போவுது, கொம்பு போயிருச்சு” என்று கூவினாள். இரண்டாவது மானையும் தேய்த்தாள். மூன்றாவதைத் தொடங்குவதற்குள் கீழே சத்தம் மாறியது.

“நிறுத்து. ஏ ராசகனி, நிறுத்து. கீழே வா.”

இரண்டு மான்கள் போயிருந்தன. அவை இருந்த இடத்தில், ரப்பர் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நைந்த பரீட்சைத்தாள் மாதிரி, தோல் மெலிந்திருந்தது. ஞானதுரை எழுந்து ஜன்னலோரம் நின்றபோது அந்த இடத்தில் வெளிச்சம் உள்ளே போனது. நீல நரம்புகள் தெரிந்தன, அவற்றுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு விலா எலும்பு தெரிந்தது. அவன் மூச்சு விட்டபோது அது ஏறி இறங்கியது.

“என்ன, ரெண்டு பேரும் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? போயிருச்சா இல்லையா?” என்றான் ஞானதுரை.

“போயிருச்சு” என்றாள் பரிபூரணம். “ரொம்பவே போயிருச்சு.”

அன்றிலிருந்து அவன் மல்லாந்து படுக்கவில்லை. பஸ்ஸில் சாய்ந்து உட்காரவில்லை. குளிக்கும்போது அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டான். காதுகுத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரு மானை யாரும் தொடவில்லை. வரையலாம், அழிக்கக் கூடாது என்று அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டானது. டேப்புக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் யாரும் போகாமல் ஒரு ஸ்டூலைக் கவிழ்த்து வைத்தார்கள். ஒருநாள் ஸ்டூல் நகர்ந்திருந்த நேரம் எதிர்வீட்டு ஆடு உள்ளே வந்து வட்டத்தில் நின்றுவிட, அதன் விலாவில் ‘குழந்தைகள் பெரியோர் மேற்பார்வையில் வெடிக்கவும்’ என்று அழகான எழுத்தில் விழுந்தது. தெருவுக்கு விஷயம் தெரிந்தது அந்த ஆட்டால்தான். நாலு நாள் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் ஆட்டை விற்றுவிட்டார்கள், அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டு மாடியில் விளக்கு எரிந்தால் எதிர்வரிசையில் நடக்கத் தொடங்கினார்கள்.

ஆனி மாதத்தில் பரிபூரணம் ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பினாள். அவள் புருஷன் செத்த வருஷத்திலிருந்து பட்டாசு ஆலைக்குப் போகிறவள். சங்குசக்கரம் சுற்றுவதில் அவளுக்கு இணை கிடையாது. குழாயை இடது கைப் பெருவிரலால் உருட்டி உருட்டி, மருந்தைத் தொட்டுத் தொட்டு, விரலில் இருந்த ரேகையெல்லாம் தேய்ந்து, புளி போட்டுத் துலக்கிய செம்பு மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. ரேஷன் கடை இயந்திரத்தில் எத்தனை முறை வைத்தாலும் சிவப்பு விளக்கே எரிந்தது.

“ஒங்க கையில ரேகையே இல்லையேம்மா, மிஷின் ஆளே இல்லைன்னு காட்டுதுங்கிறான். வரிசையில அத்தனை பேரு முன்னால ஆளா நிக்கிறேன், ஆளு இல்லைங்கிறான்.” பையை மூலையில் எறிந்தாள். பிறகு மாடியைப் பார்த்தாள். “ஏ ராசகனி. மானை முதுகுல வைக்கத் தெரியுதுல்ல?”

ராசகனிக்கு உடனே புரிந்தது. “வேண்டாம் மதினி. தப்பாப் போச்சுன்னா அழிக்க முடியாது.”

“அழிக்காதே. ஒரே தடவையில சரியா வரை. நீ என்ன புதுசாவா வரையுற?”

“பயமா இருக்கு மதினி.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டே சோறு திங்கணும், பயப்படாம பட்டினி கிடக்க முடியுமா?”

பரிபூரணம் வட்டத்துக்குள் உட்கார்ந்து, இடது கையை மணை மேல் மல்லாத்தி வைத்தாள். ராசகனி மாடியில் மேசைக்கு முன் உட்கார்ந்தாள். ரேகைக்கு மாதிரி வேண்டுமே. பக்கத்திலேயே இருந்தது அவளுடைய சொந்த இடது பெருவிரல். அதைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்துப் பார்த்து, சுழியிலிருந்து தொடங்கி, வளையம் வளையமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். கீழே பரிபூரணத்தின் விரலில் பச்சைக்குழந்தை விரல் மாதிரி புத்தம்புதிதாக ரேகை எழுந்தது. அதைக் கொண்டுபோய் ஆதார் மையத்தில் புதுப்பித்துக்கொண்டு, அடுத்த வாரமே அரிசியும் சீனியும் வாங்கி வந்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆவுடைத்தாய் வந்தாள். அவளும் அதே ஆலைதான், மருந்து அடைக்கிற அறை. ராசகனி இரண்டாவது ரேகையைப் புதிதாக வரையவில்லை. அந்த ஊரில் எந்த லேபிளும் புதிதாகப் பிறப்பதில்லை. போன வருஷத்துப் புலியைத் திருப்பிப் போட்டால் இந்த வருஷத்துக் கம்பெனி, ரோஜாவுக்கு நிறம் மாற்றினால் செம்பருத்தி, ஒருமுறை நன்றாக அமைந்த படத்தை முத்திரையாகச் சேமித்து வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் வேண்டிய தடவை குத்திக்கொள்வதுதான் எல்லோரும் செய்கிற வேலைமுறை. கை அந்தப் பழக்கத்தில் தானாகப் போனது. பரிபூரணத்துக்கு வரைந்த ரேகையை முத்திரையாக்கி வைத்திருந்தாள். ஆவுடைத்தாய்க்கும் அதையே குத்தினாள். அவளுக்குப் பிறகு வந்தவளுக்கும் அதையே. ஒரே ரேகைக்கு இத்தனை பேர் எப்படி என்று கேட்க வேண்டியது இயந்திரம். அது கேட்கவில்லை. ஒவ்வொருத்தி வைத்தபோதும் அவளவள் பெயரைச் சரியாகக் காட்டிப் பச்சை விளக்கை எரியவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் செருப்புகள் குவிந்தன. எதிர்வரிசையில் நடந்தவர்களெல்லாம் இந்த வரிசைக்கு வந்தார்கள். முறுக்கு கொண்டுவந்தார்கள், வாழைத்தார் கொண்டுவந்தார்கள், பிள்ளைகளைத் தூளியில் போட்டுவிட்டு வட்டத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். பரிபூரணம்தான் வரிசையை ஒழுங்கு செய்தாள். ஒருத்தி தன் மருமகளைக் கூட்டிவந்து, ஆயுள் ரேகை குட்டையாக இருக்கிறது, கொஞ்சம் இழுத்துவிட முடியுமா என்று கேட்டாள்.

“இழுக்கலாம். ஒனக்கா, அவளுக்கா?” என்றாள் பரிபூரணம். “அவளுக்கு இழுத்தா நீ இருக்கிற வரைக்கும் அவகூடத்தான் காலந்தள்ளணும், யோசிச்சுக்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். மாடியில் ராசகனி சிரிக்கவில்லை. தளத்துக்குக் கீழே யாருடைய சதையோ தன் பேனாவுக்காகக் காத்திருப்பது, தண்ணீருக்கு அடியில் மீன் வந்து நிற்பதுபோல அவளுக்குத் தெரிந்தது. ஆடி முடிவதற்குள், அந்த வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்த நாற்பதுக்குக் குறையாத பெண்களின் இடது கையில் அவளுடைய பெருவிரல் இருந்தது.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, சாம்பாருக்கு மாங்காய் நறுக்கும்போது அரிவாள்மனை நழுவி ராசகனியின் இடது பெருவிரலைக் கீறியது. மஞ்சள் பொடியை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். சாயங்காலம் ஆலைப் பேருந்து வந்து நின்ற சத்தம் கேட்டது. வழக்கமாகப் பேருந்திலிருந்து இறங்குகிற பெண்கள் பேசிக்கொண்டே ஆளுக்கொரு சந்தில் பிரிவார்கள். அன்று யாரும் பேசவில்லை, யாரும் பிரியவில்லை. எல்லோரும் நேராக இங்கே வந்து வாசலில் நின்றார்கள். ஒவ்வொருத்தி இடது பெருவிரலிலும் துணி சுற்றியிருந்தது.

“காலையில பத்து மணி சுமாருக்கு ஒங்களுக்கு என்ன ஆச்சுக்கா?” என்றாள் ஆவுடைத்தாய்.

ராசகனி கையைப் பின்னால் மறைத்தாள்.

“மறைக்காதீங்க. காட்டுங்க.”

காட்டினாள். ஆவுடைத்தாயும் தன் துணியை அவிழ்த்தாள். ஒரே இடம், ஒரே சாய்வு, ஒரே நீளம்.

“நான் மருந்து அறையில இருந்தேன்” என்றாள் ஆவுடைத்தாய். அவள் குரல் உயரவில்லை. “செருப்புல ஆணி இருந்தாக்கூட உள்ள விடாத அறை. கையில கிண்ணம் நெறைய மருந்து. திடீர்னு யாரோ அறுத்த மாதிரி இருந்துச்சு. கிண்ணத்தை நான் கீழே போடலை. எப்படிப் போடாம நின்னேன்னு எனக்குத் தெரியலை. போட்டிருந்தா இந்நேரம் எங்களைப் பொறுக்கத்தான் வந்திருப்பாங்க.”

யாரும் அழவில்லை, சாபமும் விடவில்லை. பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவர்கள் ஆபத்தைப் பார்த்ததும் முதலில் அதை எப்படிச் சுற்றிப் போவது என்றுதான் யோசிப்பார்கள். அன்றே பரிபூரணம் அரிவாள்மனையை எடுத்துப் பரண்மேல் போட்டாள். ராசகனி அடுப்புப் பக்கம் போகக் கூடாது, கோலம் போடக் குனியக் கூடாது, தையல் ஊசி தொடக் கூடாது, கதவை அவளாகச் சாத்தக் கூடாது என்று ஆனது. ஞானதுரை சமைத்தான். முறை வைத்து ஒருத்தி வேலைக்குப் போகாமல் அவளோடு இருந்தாள். அவள் கடைக்குப் போனால் கூடவே வந்தார்கள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் இடது கையைப் பார்த்தார்கள். பெருவிரலுக்குப் பஞ்சு வைத்து, அதற்குமேல் வெள்ளைத் துணி சுற்றி, அதற்குமேல் தோலுறை ஒன்றைச் செருப்புத் தைப்பவரிடம் தைத்து வாங்கிப் போட்டுவிட்டார்கள். குழந்தைகளுக்கு அவளைக் காட்டி, “அத்தை பக்கத்துல ஓடாதீங்க” என்றார்கள்.

ராசகனிக்குத் தன் கையே தன்னுடையதாக இல்லாமல் போனது. பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்க முடியாத ஒரு பொருளைப்போல அதைத் தலையணைமேல் தனியாக வைத்துப் படுத்தாள். கொசு கடித்தால்கூட நாற்பது வீட்டில் நாற்பது பேர் சொறிகிறார்கள் என்ற நினைப்பு வரும். டேப்பைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அண்ணாச்சி ஆள் அனுப்பியபோது உடம்பு சரியில்லை என்றாள். அது பொய்யும் இல்லை. அவளுக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு.

தீபாவளி அமைதியாகப் போனது. அந்தத் தெருவில் ஒரு ஓலைவெடிகூட வெடிக்கவில்லை. கார்த்திகை மழையில் ஆலைகள் மறுபடி திறந்த சமயம், பஞ்சும் துணியும் தோலும் போட்டு வியர்த்துப் புழுங்கிக் கிடந்த அந்த விரலில் நகச்சுற்று வந்தது. அவளுக்கு வந்த அன்றே எல்லோருக்கும் வந்தது. எலுமிச்சம்பழத்தைத் துளைபோட்டு விரலில் செருகிக்கொண்டார்கள். ஆலைப் பேருந்தில் நாற்பது பெண்கள் இடது பெருவிரலில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்து போனதைப் பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஊரில் எலுமிச்சம்பழத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. பழம் அழுகியது, விரல் ஆறவில்லை. முதலில் சிவந்தது, பிறகு நீலமானது, பிறகு நுனியிலிருந்து கறுத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ராசகனியின் விரல் துணியைப் பிரித்துப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டார். “இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க? சர்க்கரை இவ்வளவு வச்சிக்கிட்டு? விரலை எடுத்தாகணும்மா. தள்ளிப்போட்டா கை, அப்புறம் ஆளு.”

வெளியே நின்ற பெண்களுக்குக் கதவு வழியாகக் கேட்டது. ஒருத்தி தன் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். திரி முறுக்க, குழாய் உருட்ட, தாள் ஒட்ட, பிள்ளையைத் தூக்க, சோறு பிசைந்து ஊட்டும்போது தட்டைப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அந்த விரல் வேண்டும். விரல் போனால் கை இருந்தும் பிடிமானம் இல்லை.

“வழி ஒண்ணு இருக்கு” என்றாள் ராசகனி, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில். “ரேகையை அழிச்சிரலாம். ஆனா...”

அந்த ‘ஆனா’ என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அன்று மதியம் ஞானதுரை வீட்டு முற்றத்தில் எல்லோர் முன்பும் சட்டையைக் கழற்றி, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றான். ஒற்றை மானையும் பார்த்தார்கள், அதன் பக்கத்தில் விலா ஏறி இறங்குவதையும் பார்த்தார்கள்.

“வலிக்குமாண்ணே?” என்றாள் ஒருத்தி.

“வலி இல்லைம்மா. பயந்தான். எது பட்டாலும் கிழிஞ்சிருமோன்னு இருக்கும். பழகிரும்னு சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் பழகலை.”

“விரல் இல்லாததுக்கு மெலிஞ்ச விரல் தேவலை” என்றாள் ஆவுடைத்தாய். “எனக்கு முதல்ல அழிங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியைத் திறந்து டேப்பை எடுத்தார்கள். ராசகனி கட்டுப்போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையில் பேனாவை எடுத்தாள். கீழே ஞானதுரை ஒவ்வொரு கையையும் வட்டத்துக்குள் சரியான இடத்தில் வைத்து, “சரி” என்று குரல் கொடுப்பான். மேலே ராசகனி தேய்ப்பாள். முதலில் ஆவுடைத்தாய். முடிந்ததும் அவள் விரல் வடை மடித்த காகிதம்போல ஒளி ஊடுருவ, உள்ளே எலும்பு குச்சியாகத் தெரிந்தது. கறுப்பு போயிருந்தது. பரிபூரணம் மாடிக்கு வந்து ஒரு குண்டூசியால் ராசகனியின் விரலைக் குத்தினாள். கீழே மற்ற பெண்களெல்லாம் “ஆ” என்றார்கள். ஆவுடைத்தாய் மட்டும் சும்மா நின்றாள். விட்டுப்போய்விட்டது.

அதற்குப் பிறகு வரிசை வேகமாக நகர்ந்தது. மெலிந்த விரலோடு எழுந்தவர்கள் அதற்கு ரப்பர் உறை மாட்டி, சேலைத் தலைப்பில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்கிப் போவதுபோல வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். ராசகனி தேய்த்துக்கொண்டே இருந்தாள். சர் சர் என்ற சத்தம் பகல் முழுக்க வீட்டில் கேட்டது. நடுவில் ஒருமுறை ஞானதுரை, “அக்கா, நீ உக்காரு, ஒனக்கு முடிச்சிருவோம்” என்றான்.

“வந்தவங்களை அனுப்புலே முதல்ல. பஸ்ஸு பிடிக்கணும், பிள்ளைகளை விட்டுட்டு வந்திருக்காங்க. வீட்டாளு எப்ப வேணா உக்காந்துக்கலாம்.”

அந்த வீட்டில் எந்த விசேஷத்திலும் பரிபூரணம் கடைசிப் பந்தியில்தான் உட்காருவாள். குழம்பு தீர்ந்துபோனால் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுவாள். அதில் ஒரு பெருமை உண்டு அவளுக்கு. ஞானதுரை அடுத்தவள் கையை வட்டத்துக்குள் வைத்தான். மேலே ராசகனி மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். அவளுக்கும் அதுதான் முறையாகப் பட்டது.

சாயங்காலம் கடைசிப் பெண்ணும் போனபிறகு பரிபூரணம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வட்டத்துக்குள் உட்கார்ந்தாள். ஞானதுரை “சரி” என்றான். ராசகனி பேனாவை வைத்துத் தேய்த்தாள். சத்தம் வரவில்லை. பேனா வழுக்கியது. இன்னும் அழுத்தினாள். நாற்பது விரலைத் தேய்த்ததில் பிலிமின் சொரசொரப்பெல்லாம் போய், தாள் கண்ணாடிபோல வழவழவென்று ஆகியிருந்தது. எண்ணெய் தடவிய தோசைக்கல். அவள் கைக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் தேய்த்தாள். பேனா முனை ஒடிகிற வரை தேய்த்தாள்.

“என்ன ராசகனி, ஆச்சா?” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “ஒண்ணும் ஆகலையே. கறுப்பு அப்படியே இருக்கு.”

ராசகனி ஒடிந்த பேனாவை மேசைமேல் வைத்தாள்.

மறுநாள் ஞானதுரை அதே உருளையிலிருந்து இன்னொரு துண்டு வெட்டி வந்தான், உப்புத்தாளால் தேய்த்தான், ஒட்டினான். அதற்கடுத்த நாளும் ஒட்டினான். வரைவதற்கு நல்ல தாள்தான். கீழே எதுவும் விழவில்லை.

ராசகனி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றாள். சுவரோரம் பாயில் சாய்ந்துகொண்டு, மருந்தும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்றாள். காய்ச்சல் ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஒரு சிவப்புக் கோடு கிளம்பிப் போனது. பரிபூரணத்தின் கையில் அந்தக் கோடு இல்லை. ரேகை இருந்த இடத்தோடு அவள் வலி நின்றது.

“ஏட்டி, பிடிவாதம் பிடிக்காதே, செத்துப் போயிருவ” என்றான் ஞானதுரை.

“என் விரல்னா இந்நேரம் குடுத்திருப்பேன். இது மதினி விரல். சக்கரம் சுத்துற விரல். அதை வெட்டச் சொல்லி நான் போய்க் கையெழுத்துப் போடவா?”

பரிபூரணம் அதுவரை அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கு நீ என்னட்டி தீர்ப்புச் சொல்றது? நான் கேட்டேன், நீ வரைஞ்ச. நாந்தான் தெருவையே கூட்டிட்டு வந்தேன்.”

“மதினி...”

“நீ செத்தா என் விரலு மட்டும் உசுரோட இருக்குமா? அதுவும் ஒன்கூட அழுகித்தான் போவும். அழுகுன விரலையும் செத்த ஆளையும் வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? என் தம்பி வீட்டுல ரெண்டு பொம்பளைகளும் ஒத்தக்கையா இருந்தாலும் இருந்துட்டுப் போறோம். எந்திரி.”

“பயமா இருக்கு மதினி.”

“பயமா இருந்தா என்ன. சேலையை மாத்து. ஆட்டோ நிக்குது.”

ஆட்டோவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஞானதுரை டிரைவருக்குப் பக்கத்தில், முதுகு எதிலும் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தான். சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் பின்னால் இருவர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே முனகல் வந்தது. டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

2022 டிசம்பர் 14, புதன்கிழமை முற்பகலில், பெரியாஸ்பத்திரியில் ராசகனியின் இடது பெருவிரல் அடியோடு எடுக்கப்பட்டது. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பரிபூரணம், மடியில் விரித்து வைத்திருந்த துண்டில் தன்னுடையதை வாங்கிக்கொண்டாள்.